கதவைத் திறந்தவர்

பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளையும் தங்கிய வீடுகளையும் நினைவுச் சின்னங்களாக்கிப் பாதுகாப்பது நல்ல வழக்கந்தான். அங்கே போகிற நாம் என்ன செய்கிறோம்? அவர் உட்கார்ந்த இடம் எது, படுத்த அறை எது, எழுதிய மேஜை எது என்று கேட்கிறோம். கைகூப்புகிறோம். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. 'இது யாருடைய வீடு?' என்ற கேள்விதான் அது.

கேள்வி சிறியது. ஆனால் அதற்குள்ளே பெரியதொரு தர்ம விசாரம் ஒளிந்திருக்கிறது. 'நான் நாளைக் காலையில் சட்டத்தை மீறப் போகிறேன்' என்று ஊரறியச் சொல்லிவிட்டு வருகிற ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவது எப்படிப்பட்ட காரியம்? வெறும் உபசாரமா? அல்லது அதுவும் ஒரு வீரமா? போராடியவருக்கு உரிய பெருமையில், அவருக்குப் பாய் விரித்தவருக்கும் சோறு போட்டவருக்கும் பங்கு உண்டா, இல்லையா?

இந்த எண்ணம் எனக்குத் தண்டியில் தோன்றியது. என் தங்கை மகன் சூரத்தில் ஜவுளி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நவ்சாரி வழியாக என்னைத் தண்டிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றான். நான் விருத்தாசலத்துக்காரன். எங்கள் பக்கத்துக் கடல் கடலூரில் இருக்கிறது. கடல் என்றால் சூரியன் உதிக்கிற இடம் என்பதுதான் எங்கள் பழக்கம். தண்டியிலோ சூரியன் கடலில் இறங்கி மறைகிறது. அந்த மாலை வெயிலில், கரையை ஒட்டி நிற்கிறது சைபி வில்லா என்னும் வீடு. வசதி படைத்தவர்கள் காற்று வாங்கக் கட்டிக்கொள்ளும் கடற்கரை மாளிகைகள் உண்டல்லவா, அந்த ஜாதியைச் சேர்ந்த வீடு. இன்று அது காந்தியடிகளின் நினைவைச் சொல்லும் காட்சிச்சாலை.

கதை எல்லாருக்கும் தெரிந்ததே. 1930 மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு புறப்பட்ட காந்தியடிகள், 241 மைல் நடந்து, ஏப்ரல் 5 அன்று தண்டிக்கு வந்து சேர்ந்தார். அன்றிரவு அவர் தங்கியது இந்த வீட்டில். மறுநாள் காலையில் கடலில் நீராடிவிட்டு, ஆறரை மணியளவில் குனிந்து ஒரு பிடி உப்பை எடுத்தார். அந்த ஒரு பிடியில் 1882-ஆம் வருஷத்து உப்புச் சட்டம் உடைந்தது. நாடு முழுவதும் அதைப் பின்பற்றி உடைத்தது.

வீடு யாருடையது? தாவூதி போரா முஸ்லிம்களின் சமயத் தலைவராக விளங்கிய சையத்னா தாஹிர் சைபுத்தீனுக்குச் சொந்தமானது. போராக்கள் வியாபாரம் செய்து வாழ்கிற சமூகத்தினர். கப்பலும் சரக்கும் சுங்கமும் யார் கையில் இருந்தனவோ, அந்த ஆங்கில சர்க்காரோடு பகைத்துக்கொள்வது வியாபாரிக்கு எளிதல்ல. அப்படியிருந்தும் அந்த வீட்டின் கதவு அன்று மூடிக்கொள்ளவில்லை. 1961-இல் சையத்னா அதை நாட்டுக்கு அர்ப்பணிக்க முன்வந்து, நேருவிடம் ஒப்படைத்தார். கடற்கரையில் பங்களா வைத்திருந்தவர் அதை இரண்டு முறை கொடுத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஓரிரவுக்கு ஒரு முறை. என்றைக்குமாக ஒரு முறை. இரண்டாவது கொடை பெரியது என்று பத்திரம் சொல்லும். முதல் கொடைதான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது.

"ஏன் மாமா, காலையில போலீஸ் வந்தாலும் வரலாம்னு தெரிஞ்சேதானே வீட்டைக் கொடுத்திருக்காங்க? பயமா இருந்திருக்காதா?" என்றான் மருமகன்.

அவன் கேட்டதில் ஒரு நுட்பம் இருந்தது. காந்தியடிகளுக்குப் பயமில்லை என்று படித்தபோதெல்லாம் நாம் ஆச்சரியப்படுவதில்லை. மகாத்மாவுக்குப் பயம் ஏது என்று விட்டுவிடுகிறோம். வீட்டுக்காரர் மகாத்மா அல்ல. நம்மைப் போலக் குடும்பமும் சொத்தும் சுற்றமும் உள்ளவர். அவருடைய தைரியத்தைத்தான் நம்மால் அளந்து பார்க்க முடியும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அரை ஆடை உடுத்திய அந்த மனிதரின் நினைவைச் சுமந்து நிற்கும் வீடுகள் பலவும் பணக்காரர் வீடுகள். பம்பாயில் 1917 முதல் 1934 வரை அவர் வந்து தங்கிய மணிபவன், அவருடைய நண்பர் ரேவாசங்கர் ஜகஜீவன் ஜவேரியின் வீடு. டில்லியில் 1948 ஜனவரி 30 அன்று அவர் உயிர் துறந்த இடம் பிர்லா மாளிகை. புனாவில் ஆகா கான் அரண்மனை. அது விருந்து வீடு அன்று, 1942 முதல் 1944 வரை அவருக்குச் சிறை. மகாதேவ தேசாயும் கஸ்தூர்பாவும் கண் மூடியது அங்கேதான். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஆனால் தண்டிக்குப் பிறகு அவர் குடியிருந்த இடம் பக்கத்திலுள்ள கராடியில் ஓர் ஓலைக் குடிசை. மே 5 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் போலீசார் வந்து அவரைக் கைது செய்தது அங்கிருந்துதான். ஓலை எத்தனை மழையைத் தாங்கும்? நின்ற இடத்தை நினைவில் வைக்கலாம். குடிசையை வைத்திருக்க முடியாது. ஆகையால் செல்வர்களின் கதவுகள் சரித்திரத்தில் மிஞ்சுகின்றன. ஏழைகளின் கதவுகள் மறைந்துவிடுகின்றன. இதில் செல்வர்கள்மீது குற்றம் ஒன்றும் இல்லை. நாம்தான் மிஞ்சியதையே முழுவதும் என்று எண்ணிவிடக் கூடாது.

மறைந்துபோன கதவுகளைப் பற்றி அறியத் தமிழ்நாட்டைவிட நல்ல இடம் கிடையாது. அதே 1930-இல், ஏப்ரல் 13 தமிழ்ப் புத்தாண்டு நாளன்று, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். தஞ்சாவூர் ஜில்லா கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற துரை. அவர் கெட்டிக்காரர். நடக்கிறவர்களைப் பிடித்து அடைப்பதைவிட நல்ல யுக்தி ஒன்று அவருக்குத் தோன்றிற்று. தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுக்கிறவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். துண்டுப் பிரசுரம் போட்டார். ஊர் ஊராகத் தமுக்கு அடிக்கச் செய்தார்.

அந்த உத்தரவை எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய ஏகாதிபத்தியத்தின் கலெக்டர் நூறு பேருடைய கால்களைக் கண்டு அஞ்சவில்லை. காவிரிக்கரைக் கிராமங்களின் வாசற்படிகளைக் கண்டு அஞ்சினார். சோற்றையும் திண்ணையையும் நிறுத்திவிட்டால் நடை தானாக நின்றுவிடும் என்று கணக்குப் போட்டார். விருந்தோம்பலின் பலத்தை நாம் மறந்திருக்கலாம். தார்ன் துரைக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது!

கணக்குத்தான் தப்பிப் போயிற்று. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களை அழைத்து வெளிப்படையாகவே உபசரித்தார், சிறைக்கும் போனார். கிராமத்து ஜனங்களோ வேறு வழி கண்டார்கள். சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோரத்து மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நடந்து வருகிறவன் கையை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். யார் வீட்டு அடுப்பில் வெந்த சோறு, யார் கை கட்டிய கட்டு? போலீசுக்கும் தெரியாது, சாப்பிட்டவனுக்கும் தெரியாது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். விருந்தாளியின் முகம் வாடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். முகத்தையே பார்க்காமல் விருந்து வைக்க வேண்டிய ஒரு காலம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதையும் நம் பெண்கள் செய்து காட்டினார்கள். ராஜாஜி ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். அகஸ்தியம்பள்ளியில் அதற்கு ஸ்தூபி இருக்கிறது. பொட்டலம் தொங்கிய மரக்கிளைக்கு எங்கே ஸ்தூபி வைப்பது?

விருந்தினரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தண்டிக்குப் போகும் வழியில், மார்ச் 29 அன்று, பட்காம் என்ற ஊரில் காந்தியடிகள் மிகவும் வேதனையோடு பேசினார். தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து மோட்டாரில் பால் தருவித்திருந்தார்கள். இரவு நடையில் வெளிச்சத்துக்காக ஒரு கூலியாளின் தலையில் கனமான விளக்கை ஏற்றி ஓட ஓட விரட்டியிருந்தார்கள். ஏழைகளுக்காகப் புறப்பட்டவர்கள் ஏழையின் தலைமேல் ஏறிக்கொண்டு போவதா என்று அவர் மனம் புண்பட்டது. கதவைத் திறப்பவனுக்கு ஒரு தர்மம் இருப்பதுபோல, உள்ளே வருபவனுக்கும் ஒன்று இருக்கிறது. தன் லட்சியத்தின் செலவை அடுத்தவன் தோளில் தள்ளக்கூடாது என்பதே அது.

இதையெல்லாம் வக்கீல் நண்பர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "நீங்கள் கதாசிரியர், உணர்ச்சி வசப்படுகிறீர்கள். கொலைகாரனுக்கு அடைக்கலம் கொடுத்தவனும் இதே நியாயத்தைத்தான் பேசுவான். அவனவன் வீட்டுக் கதவு அவனவன் இஷ்டம் என்று விட்டுவிட்டால் சட்டம் எதற்கு ஐயா?" என்றார்.

மறுக்க முடியாத கேள்விதான். நானும் யோசித்தேன். வருகிறவர் தாம் செய்யப் போவதை மறைக்கிறாரா, வெளிப்படையாகச் சொல்கிறாரா? அதன் பலனைத் தாமே ஏற்கிறாரா, பிறர் தலையில் சுமத்துகிறாரா? இந்த இரண்டையும் கேட்டால் பெரும்பாலும் வித்தியாசம் விளங்கிவிடும். காந்தியடிகள் புறப்படுவதற்கு முன், மார்ச் 2 அன்றே, வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டார். சிறையையும் அவரே ஏற்கத் தயாராக இருந்தார். அப்படிப்பட்டவருக்குத் திறக்கும் கதவையும் கள்வனுக்குத் திறக்கும் கதவையும் ஒன்றாக எண்ண முடியாது.

ஆனால் உண்மையில் மனிதர்கள் இப்படியெல்லாம் விசாரணை செய்துவிட்டா கதவைத் திறக்கிறார்கள்? எங்கள் ஊருக்கு அருகிலுள்ள புதுச்சேரியைப் பாருங்கள். 1908-இல் பாரதியார் அங்கே போனார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஒவ்வொருவர் பின்னாலும் ஆங்கில சர்க்காரின் ஒற்றர்கள். அரவிந்தருக்குச் சங்கர செட்டியார் தம் வீட்டு மாடியைக் கொடுத்தார். பாரதியாருக்கு வீடு கொடுத்த செட்டியார் வாடகை கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போவாராம். கதைபோல இன்றும் சொல்கிறார்கள். இவர்களெல்லாம் புரட்சித் தத்துவம் படித்தவர்களா? பின்னால் நினைவு இல்லம் வரும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள் என்று கண்டார்களா? அவர்கள் கண்டதெல்லாம் வாசலில் நிற்கும் ஒரு மனிதனை. பாரதியார் 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். கதவு திறந்திருந்த ஊருக்கும் கதவு மூடியிருந்த ஊருக்கும் உள்ள தூரம் சில மைல்தான்.

கதவு மூடிய கதையும் நமக்குப் புதிதன்று. பாரி இறந்த பிறகு அவனுடைய பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் அரசர்களின் வாசலில் நின்றார். விச்சிக்கோ மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். மூவேந்தர்களின் பகைக்கு அஞ்சினார்கள் என்று சொல்வார்கள். அவர்கள் கோழைகள் என்று நினைக்க வேண்டியதில்லை. போர்க்களத்தில் வாள் எடுக்கத் தெரிந்தவர்களே. ஆனால் போர்க்களத்தில் காட்டுகிற வீரம் ஒன்று. வீட்டு வாசலில் காட்டுகிற வீரம் வேறொன்று. முன்னதற்கு முரசு உண்டு. பின்னதற்கு ஒன்றும் இல்லை. கபிலர் கடைசியில் உயிர் விட்டதாகச் சொல்லப்படும் பாறை திருக்கோவலூர்ப் பெண்ணையாற்றில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

எங்கள் ஊர் பீங்கானுக்குப் பெயர் போனது. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண் இங்கே ஜாடியாகவும் அகலாகவும் மின்சாரப் பியூஸ் கட்டையாகவும் பொம்மையாகவும் மாறுகிறது. கொலுவுக்கு முன்னே பட்டறைகளில் சாமி பொம்மைகளோடு தலைவர்களின் பொம்மைகளும் வரிசையாக நிற்கும். காந்தி பொம்மை எப்படி உருவாகிறது தெரியுமா? களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு கூழின் ஈரத்தை உறிஞ்சும். ஓரத்தில் மண் ஒட்டி இறுகும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. காயவைத்துச் சூளையில் வைத்தால் சங்குபோல் வெளுத்து வரும். எல்லாரும் பொம்மையைத்தான் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். ஈரத்தைத் தான் குடித்து உருவத்தைக் கொடுத்த அச்சு, தேய்ந்து போனதும் பட்டறைக்குப் பின்னால் குவியலில் கிடக்கும். பட்டறைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அச்சை எவன் சார் கொலுவுல வைப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்!

அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஆயாவின் ஞாபகம் வரும். பல வருஷங்களுக்கு முந்திய விஷயம். பட்டறை ஒன்றில் வேலை செய்த ஓர் ஆளுக்குச் சூளையில் கை வெந்துவிட்டது. நஷ்டஈடு கிடைக்கவில்லை. கூட வேலை பார்த்த இளைஞன் ஒருவன் அதற்காக மனு எழுதிப் போட்டான். அவனுக்கு வேலை போயிற்று. குடியிருந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் தேடினான். தெருவில் யாரும் கெட்டவர்கள் அல்ல. 'பையன் செய்தது சரிதான்' என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் 'நமக்கேன் வம்பு' என்று ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கைகாட்டினார்கள். இட்லிக் கடை ஆயா தன் திண்ணையைக் காட்டினாள். இரண்டு மாதம் அவன் அங்கேதான் படுத்தான். பட்டறையிலிருந்து காலையில் தூக்குச்சட்டி கொண்டு வந்து வாங்கிப் போகிறவர்கள் வராமல் நின்றார்கள். வியாபாரம் பாதியாயிற்று. நான் அப்போது வெளியூர் உத்தியோகத்தில் இருந்தேன். விடுமுறையில் வந்தபோது ஆயாவிடமே கேட்டேன்.

"அவன் பண்ணது சரியா தப்பான்னு எனக்கு என்ன தம்பி தெரியும்? ராத்திரியில வந்து நின்னான். தப்புப் பண்ணவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேப்பான். இவன் நிமிந்து பாத்து, 'ஆயா, படுத்துக்கட்டுமா?'ன்னான். படுத்துக்கடான்னேன்" என்றாள். அவ்வளவுதான். வக்கீல் நண்பருக்காக நான் யோசித்து யோசித்து எடுத்த முடிவை, எழுத்தறியாத அந்தக் கிழவி ஒரு பார்வையில் எடுத்திருந்தாள். கை வெந்தவனுக்குப் பின்னால் பணம் கிடைத்தது. இளைஞன் வேறு ஊருக்குப் போய்விட்டான். ஆயாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். திண்ணையை இடித்து அந்த இடத்தில் செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள்.

தண்டியில் 2019-இல் தேசிய உப்புச் சத்தியாக்கிரக நினைவிடமும் திறக்கப்பட்டது. காந்தியடிகளோடு நடந்தவர்களின் சிலைகள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. பார்க்கிற ஒவ்வொருவரும் மனத்துக்குள் அந்த வரிசையில் தம்மையும் நிறுத்திப் பார்ப்பார்கள். 'நானாயிருந்தாலும் நடந்திருப்பேன்' என்று நினைப்பது சுகமான நினைப்பு. அதற்குச் செலவும் இல்லை. அந்த நடை முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 'நானாயிருந்தால் கதவைத் திறந்திருப்பேனா?' என்பது அப்படியல்ல. அது முடிந்துபோன கேள்வியன்று. இன்றிரவேகூட யாராவது வந்து தட்டலாம். தட்டுகிறவர் முகத்தில் மகாத்மா என்று எழுதியிருக்காது. வெற்றி பெறுவாரா என்பதும் தெரியாது. ஊர் அவரை அப்போது வம்புக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் ஊர்க் கதையிலிருந்து பிறந்தது அது. சுந்தரமூர்த்தி நாயனார் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் இறங்கித் தேடினார். அவருக்குக் கிடைத்தது, சிவபெருமான் தோழன் அல்லவா! நமக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசலில் போட்ட தைரியத்தைத் தண்டிக்குப் போய்த் தேடினால் கிடைக்காது. போட்ட இடத்தில்தான் எடுக்க வேண்டும்.